அப்பவே எடுத்திருக்கணும்

கிள்ளானில் ஒரு வீட்டின் முன்கூடம். சோபாவில் இடம் போதாமல், கல்யாண வீடு மாதிரி பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. கண்ணாடி மேசையில் மைலோ கோப்பைகளுக்கு நடுவே மாமோகிராம் படங்கள் இருந்த பெரிய உறை. அது என் பெரியம்மா மகளுடையது. ஏழு வருடத்துக்கு முன் இடது மார்பில் இருந்த கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சையும் முடித்து, வருடம் தவறாமல் சோதனைக்குப் போய் வந்தவர். இந்த முறை அதே மார்பில் வேறொரு மூலையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஏதோ தெரிந்தது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று வந்துவிட்டது.

அக்கா ஒன்றும் பேசவில்லை. மற்ற எல்லாரும் பேசினார்கள். “அப்பவே முழுசா எடுத்திருக்கணும்லா” என்றார் மாமா. அத்தை தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. எந்த மருத்துவமனை, யார் உடன் போவது, பிள்ளையின் எஸ்பிஎம் பரீட்சைக்கு முன்பா பின்பா என்று பேச்சு போய்விட்டது.

இதே வாக்கியத்தை நான் பிரிக்பீல்ட்ஸிலும் கேட்டிருக்கிறேன், சாவு வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அதற்குள் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. முதல் முறை மார்பை விட்டுவைத்தது தப்பு என்பது ஒன்று. ஆகவே இப்போது எடுத்துவிடுவதில் யோசிக்க எதுவும் இல்லை என்பது இன்னொன்று. முதல் தீர்ப்பு பிழை. இரண்டாவது பல சமயம் சரியான இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது, ஆனால் தப்பான வழியில். கட்டியை மட்டும் எடுத்த பிறகு முழு மார்பையும் நீக்கும் இந்த இரண்டாம் அறுவையை எடைபோட வேண்டுமானால், முதல் தீர்ப்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அறுக்க அறுக்க நல்லது என்று ஒரு காலத்தில் மருத்துவமே சொன்னதுதான். அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்பகத்தோடு அடியில் இருந்த நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அதுதான் வேதம். 1970களில் இருவர் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஹால்ஸ்டட் அறுவை. மறு பாதிக்குக் கட்டி இருந்த கால்பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. பிட்ஸ்பர்க்கில் இருந்து பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஆய்வில் 1,851 பெண்கள். இருவரின் இருபது ஆண்டு முடிவுகளும் 2002 அக்டோபரில் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன.

மிலான் கணக்கை மட்டும் பார்ப்போம். மார்பைக் காத்த குழுவில் 30 பெண்களுக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. முழுதும் எடுத்த குழுவில் 8 பேருக்கு அறுத்த இடத்திலேயே திரும்பியது. இந்த அளவுக்கு மாமா சொன்னது சரி. முழுதாக எடுத்திருந்தால் அங்கேயே திரும்பும் வாய்ப்பு குறைவுதான், பூஜ்யம் இல்லை என்றாலும். ஆனால் இருபது ஆண்டு முடிவில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் காத்த குழுவில் 26.1 சதவீதம், எடுத்த குழுவில் 24.3 சதவீதம். புள்ளியியல்படி இதில் வித்தியாசம் இல்லை. எல்லாக் காரணங்களையும் சேர்த்த சாவு 41.7, 41.2. ஃபிஷரின் கணக்கும் இதையே சொன்னது. 2021இல் வெளியான சுவீடன் ஆய்வு 48,986 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, மார்பைக் காத்துக் கதிர்வீச்சு பெற்றவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பிழைத்திருக்கிறார்கள் என்றது. அது குலுக்கல் ஆய்வல்ல என்பதால் நான் அதன்மேல் ரொம்பச் சாய மாட்டேன். குறைவாகப் பிழைக்கவில்லை என்பது வரை எடுத்துக்கொள்ளலாம்.

ஃபிஷரின் ஆய்வுக்கு ஒரு கறையும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் வாசகர் நாளைக்கு வேறெங்காவது கேள்விப்பட்டு எல்லாமே புளுகு என்று முடிவு கட்டிவிடுவார். மாண்ட்ரியலைச் சேர்ந்த ஓர் அறுவை மருத்துவர் தன் நோயாளிகளில் சிலரது விவரங்களைத் திருத்தி ஆய்வுக்குள் சேர்த்திருந்தது 1994இல் செய்தித்தாளில் வெடித்தது. அமெரிக்கப் பெண்கள் கொதித்துப்போனார்கள். அந்த மருத்துவரின் மருத்துவமனை நோயாளிகளை முழுதாக நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டார்கள். முடிவு மாறவில்லை.

அப்படியானால் திரும்பி வந்தது எதைக் காட்டுகிறது? ஃபிஷர் 1991இல் எழுதிய விளக்கம் இன்றைக்கும் பொருந்துகிறது. அதே மார்பில் நோய் திரும்புவது பெரும்பாலும் அந்தப் புற்றின் குணத்தைக் காட்டும் அடையாளம். உயிரை எடுப்பது எலும்புக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவும் உயிரணுக்கள். அவை பரவுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே கிளம்பிவிடுகின்றன. மார்பை விட்டுவைத்ததால் அவை கிளம்பவில்லை.

ஆனால் மிலான் பெண்களும் கிள்ளான் பெண்களும் ஒன்றா என்று கேட்டால் நான் சட்டென்று ஆமாம் என்று சொல்ல மாட்டேன். மேற்கத்திய நாடுகளைவிட இங்கே இளம் வயதிலேயே இந்த நோய் வருகிறது. வயது குறையக் குறைய அதே மார்பில் திரும்பும் வாய்ப்பு கூடும். கட்டி பெரிதாகி, மார்பு சிறிதாக இருந்தால் காப்பதற்கு மிஞ்சுவதும் கொஞ்சம். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வரலாம். நோய் கண்டவர்களில் 47.9 சதவீதம் பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்து சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர். நம் குடும்பங்களில் இந்த நோயைப் பற்றிய நினைவு முழுக்க இந்தப் பாதியிலிருந்துதான் வருகிறது. தாமதமாக வந்த சித்தி, மார்பை எடுத்தும் இரண்டு வருடத்தில் போன பக்கத்து வீட்டுக்காரர். அதை வைத்து, சீக்கிரம் கண்டுபிடித்த அக்காவுக்குத் தீர்ப்பு சொல்கிறோம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மார்பை எடுத்ததும் உதவவில்லை என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

மொழியும் இதில் ஒரு கை கொடுக்கிறது. தமிழில் நாம் “கட்டிய மட்டும் எடுத்தாங்க” என்கிறோம். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லிலேயே ஏதோ பாக்கி வைத்துவிட்டார்கள் என்ற குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழு நீக்கத்துக்கு “எடுத்துப் போட்டாச்சு” என்கிறோம். பிரச்சினை தீர்ந்த தொனி. மருத்துவமனையில் மலாயில் கேட்டால் ‘பூவாங்’ என்பார்கள், தூக்கி எறிவது. மார்பகப் பாதுகாப்பு அறுவை என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நான் அறிந்த எந்த வீட்டிலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சரி, இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். கட்டியை எடுத்தவர் மறுபடி முழு நீக்கத்துக்குப் போகும் வழிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ‘எடுத்துடலாம்’ என்ற ஒரே சொல் அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது.

ஒரு வழி, முதல் அறுவை முடிந்த சில வாரத்திலேயே திறக்கிறது. வெட்டியெடுத்த சதைத் துண்டை அறுவை மருத்துவர் அப்படியே சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. எந்தப் பக்கம் எது என்று தெரிய அதில் நூல் போடுவார். பெரும்பாலும் குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் அக்குள் பக்கம். சோதனைக்கூடத்தில் அந்தத் துண்டின் வெளிப்புறம் முழுக்க மை பூசி, பிறகு மெல்லிய சீவல்களாக்கி உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். புற்று அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரம் சுத்தமில்லை, உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று பொருள். எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று பல ஆண்டுகள் சண்டை நடந்தது. அகலமான ஓரம் கேட்ட மருத்துவர்களால் எத்தனையோ பெண்கள் தேவையில்லாமல் மறுபடி மேசையில் படுத்தார்கள். 2014இல் அமெரிக்க அறுவை, கதிர்வீச்சு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து, பரவும் வகைப் புற்றில் மைமேல் புற்று இல்லாவிட்டால் போதும் என்று முடிவு செய்தன.

இந்த வழியில் வரும் முழு நீக்கம்தான் எனக்கு மிகவும் சந்தேகத்துக்குரியது. ஓரம் சுத்தமில்லை என்றால் பலருக்கு அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் சீவினால் போதும். நாலு பக்கமும் மையைத் தொட்டால், அல்லது மார்பில் பல இடங்களில் புற்று சிதறியிருந்தால், முழு நீக்கம் நியாயம். ஆனால் முதல் அறுவையின் தையல்கூடக் காயாத ஒரு பெண்ணிடம் ‘கொஞ்சம் மிச்சம் இருக்கு’ என்று சொன்னால் அவள் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். ஒரு பக்கமா நாலு பக்கமா, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க அவளுக்கு ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும். இந்த நோயில் ஒரு வாரம் யோசிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

அக்கா வந்தது இன்னொரு வழியில். வருடங்கள் கழிந்து, கதிர்வீச்சு வாங்கிய அதே மார்பில் மறுபடி புற்று. இங்கேதான் முழு நீக்கம் தன் முழு பலத்தோடு நிற்கிறது. காரணம் எளியது. ஒரு மார்புக்கு முழு அளவு கதிர்வீச்சை ஒரு தடவைதான் தாராளமாகக் கொடுக்க முடியும். முதல் முறை கட்டியை மட்டும் எடுத்தது வேலை செய்ததற்குக் கதிர்வீச்சுதான் பாதிக் காரணம். ஃபிஷரின் ஆய்வில் கதிர்வீச்சு இல்லாமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு இருபது ஆண்டுக்குள் அங்கேயே திரும்பியது. கதிர்வீச்சு வாங்கியவர்களில் 14.3 சதவீதம். அந்த ஆயுதம் ஏற்கெனவே செலவான பிறகு மறுபடி கட்டியை மட்டும் எடுப்பது பாதி வைத்தியம். ஆகவே இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் சொல்வது முழு நீக்கம்தான். அதில் தவறில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உருவாகி வருகிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு: மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி, முதல் கதிர்வீச்சு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல். இப்படித் தேர்ந்தெடுத்த பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் சிறு சிறு அளவாக, நாளைக்கு இரண்டு வேளை மறு கதிர்வீச்சு கொடுத்தார்கள். கணக்கில் வந்தவர்கள் 58 பேர். ஐந்து ஆண்டில் அதே மார்பில் மூன்றாம் முறை திரும்பியது 5 சதவீதத்துக்கு. மார்பை எடுக்க நேர்ந்தது 10 சதவீதத்துக்கு. முடிவு 2020இல் வெளிவந்தது. 58 பேரை வைத்து ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ல முடியாது. ஆனால் ‘வேற வழியே இல்ல’ என்று இனி யாரும் சொல்லவும் முடியாது. சிறிய கட்டியோடு பல ஆண்டு கழித்து வருபவர் தன் கதிர்வீச்சு மருத்துவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில் நட்டமில்லை.

முழு நீக்கத்தின் பலவீனம், அது தன்னால் ஆகாததையும் ஆகும் என்று நம்ப வைப்பது. திரும்பி வந்த நோய்க்கு முதல் கேள்வி எவ்வளவு வெட்டலாம் என்பதல்ல. இது பழைய புற்றா புதுப் புற்றா என்பதுதான். பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று ஆண்டில், அதே குணத்தோடு வந்தால் பழையது மிச்சமிருந்து முளைத்திருக்கிறது. அது கொஞ்சம் கவலைக்குரியது. வேறு மூலையில், பல ஆண்டு கழித்து, வேறு குணத்தோடு வந்தால் அநேகமாக அது புதிய விருந்தாளி. பொதுவாக இதன் போக்கு மேல். இதைத் தெரிந்துகொள்ளப் பழைய நோய்க்கூற்று அறிக்கையும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2 எனப்படும் புரதத்தையும் புதிய கட்டியில் மறுபடி சோதிக்க வேண்டும், அவை மாறியிருக்கலாம். வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று சிடி, எலும்பு ஸ்கேன் முதலில் எடுத்தாக வேண்டும். பரவியிருந்தால் மார்பை எடுப்பதன் அர்த்தமே மாறிவிடும். எங்கள் முன்கூடத்தில் அன்றைக்கு இதில் ஒன்றும் பேசப்படவில்லை. கத்தியைப் பற்றி எல்லாருக்கும் கருத்து இருந்தது, மாத்திரையைப் பற்றி ஒருவருக்கும் இல்லை.

மாத்திரை என்றால் டாமோக்சிஃபென். ஹார்மோனால் வளரும் வகைப் புற்றில் ஐந்து வருடம் ஒழுங்காக விழுங்கினால், பதினைந்து ஆண்டுக் கணக்கில் புற்றுச் சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் மாத்திரை. மார்பை எடுப்பதா விடுவதா என்ற கேள்விக்கு இந்தப் பலம் கிடையாது. உடம்பு சூடாகிறது, எடை போடுகிறது என்று இரண்டாம் வருடத்திலேயே அதை நிறுத்திவிட்டவர்கள் எனக்கே சிலரைத் தெரியும். அவர்களின் வீட்டில் யாரும் “அப்பவே மாத்திரையை ஒழுங்கா போட்டிருக்கணும்” என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த இடத்தில் முதல் அறுவைக்குத் திரும்பி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மார்பைக் காப்பது கத்தியோடு முடிவதில்லை என்பதை நம் மருத்துவமனைகள் எப்போதும் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை. கதிர்வீச்சு பாரம்பரியமாக ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் நாலு எல்ஆர்டி நிறுத்தம். கிள்ளானில் இருப்பவரைப் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினால், கொமூட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட், இறங்கிய பிறகு கிரேப் அல்லது பஸ். இயந்திரத்தின் கீழே படுக்கும் நேரம் சில நிமிடம், போக்குவரத்து அரை நாள். அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளிதான் கட்டணம் என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலையில் நாள் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து அரை நாள் எவ்வளவு என்பதையும் கூட்டிப் பாருங்கள். பாதியில் நின்றுவிட்டால் அவள் 14.3 சதவீதக் கூட்டத்திலிருந்து 39.2 சதவீதக் கூட்டத்தை நோக்கி நகர்கிறாள். அப்படிப்பட்ட ஒருவரிடம் முதலிலேயே முழு நீக்கத்தைப் பற்றி நேர்மையாகப் பேசுவது பிற்போக்கு ஆகாது. அது அவளுடைய பேருந்துக் கட்டணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது. இப்போது பதினைந்து அமர்வுகளில் முடிக்கும் முறை உலகெங்கும் பரவிவிட்டது. ஒரே வாரத்தில் ஐந்து அமர்வுகளில் முடிப்பதையும் பிரிட்டன் ஆய்வு 2020இல் ஏற்கத்தக்கது என்று காட்டியது. எத்தனை அமர்வு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது நல்லது.

பயத்தால் வரும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. நோய் திரும்பவில்லை, ஓரமும் சுத்தம், ஆனாலும் ஒவ்வொரு மாமோகிராமுக்கு முந்தின இரவும் தூக்கம் போய்விடுகிறது என்று எடுத்துவிடச் சொல்பவர்கள். பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருப்பதாகப் பின்னால் தெரிய வந்தால் இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு மார்பிலும் புதிய புற்று வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம், சினைப்பைக்கும் சேர்த்து. மரபணு மாற்றம் இல்லாதவருக்கு முழு நீக்கம் ஆயுளைக் கூட்டுவதாகச் சான்று இல்லை. நிம்மதியைக் கூட்டலாம். நிம்மதியும் ஒரு காரணம்தான், நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆயுளுக்காக என்று நினைத்துக்கொண்டு நிம்மதியை வாங்குவதுதான் ஏமாற்று.

முடிவு யார் எடுப்பது? 1970களிலும் அமெரிக்காவில் பெண்ணை மயக்கி, கட்டியைச் சோதித்து, புற்று என்றால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். 1974இல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் தன் மார்புக்கு அப்படி நடக்க விடமாட்டேன் என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தார், பிறகு அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1979இல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னபோது அதில் மருத்துவர் அல்லாத ஒரே உறுப்பினர் அவர்தான். நம் நாட்டில், சிகிச்சையின் ஆபத்துகளில் எதை எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் தீர்மானிக்க முடியாது, அந்த நோயாளி தெரிந்துகொள்ள விரும்பக்கூடியதைச் சொல்லியாக வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017இல் அதை மறுபடி உறுதி செய்தது. வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணின் மார்புக்கு அவளுடைய கையெழுத்து போதும்.

சட்டம் மருத்துவரிடமிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டது. முன்கூடத்திலிருந்து யார் காப்பாற்றுவது? குஷ்னருக்கு மயக்க மருந்து செய்திருக்கக்கூடியதை நம் வீட்டில் பாசம் செய்கிறது. அவள் வாய் திறக்கும் முன் எல்லாம் முடிந்துவிடுகிறது. குடும்பம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காரில் கூட்டிப் போகவும், மலாயில் எழுதிய படிவத்தைப் படித்துச் சொல்லவும், இராத்திரி மூன்று மணிக்குப் பக்கத்தில் உட்காரவும் குடும்பம்தான் வேண்டும். ஒன்று செய்யலாம். மருத்துவர் அறைக்குள் ஒருவர் மட்டும் உடன் போகட்டும், அது நோட்டுப் புத்தகத்தோடு போகிற ஆளாக இருக்கட்டும், கருத்து சொல்கிற ஆளாக வேண்டாம்.

எடுத்த பிறகு என்ன என்பதை முன்கூடம் பேசுவதே இல்லை. கதிர்வீச்சு வாங்கிய தோல் ஆறுவதற்கு அதிக நாள் எடுக்கும். அதற்கு அடியில் சிலிகான் பை வைத்து மார்பை மறுபடி கட்டினால், பையைச் சுற்றித் தழும்பு இறுகிக் கல்லாகும் ஆபத்து கூடுதல். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் தசையும் தோலும் எடுத்துக் கட்டுவது இப்படிப்பட்டவர்களுக்கு மேல், ஆனால் அது பல மணி நேர அறுவை. அதைச் செய்யும் மருத்துவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் அறுவைக்கு முன்னாலேயே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சில வழிகள் இரண்டாவதில் சுருங்கிவிடுகின்றன. மாமாவின் வாக்கியத்துக்கு ஏதாவது ஒரு நியாயம் உண்டென்றால் அது இங்கேதான், ஆனால் அவர் இதை நினைத்துச் சொல்லவில்லை.

கட்ட வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் நம்மில் அதிகம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு தையல்கார அம்மா அக்காவின் ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, இடது கிண்ணத்தில் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். மேல்விளிம்பைத் தைக்காமல் விட்டார், செயற்கை மார்பைச் செருகி எடுக்க. வெயிலில் வேர்த்தால் வெளியே எடுத்துத் துடைக்கலாம் என்று அவரே சொன்னார். எத்தனை பேருக்குத் தைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். 1986இல் தொடங்கி, பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் மார்பகப் புற்றுநோய் நல்வாழ்வுச் சங்கத்தில், நோயைக் கடந்து வந்த பெண்களே புதிதாக வருபவர்களிடம் பேசுகிறார்கள், செயற்கை மார்புக்கும் அதற்கான உள்ளாடைக்கும் வழி சொல்கிறார்கள். அறுவைக்கு முன்பே ஒரு தடவை போய் வருவது நல்லது. பிறகு போனால் ஆறுதல் மட்டும்தான் கிடைக்கும், முன்பே போனால் தகவலும் கிடைக்கும்.

அக்கா கடைசியில் மார்பை எடுத்துக்கொண்டார். என் கணக்கிலும் அது சரியான முடிவு. கதிர்வீச்சு ஏற்கெனவே செலவாகியிருந்தது, மீண்டும் அதே பாதையில் ஓட அவருக்குத் தெம்பில்லை, ஸ்கேன்களில் வேறெங்கும் எதுவும் இல்லை. ஆனால் அந்த முடிவு முன்கூடத்தில் எடுக்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் கழித்து, பழைய அறிக்கை கைக்கு வந்து, இது புதுப் புற்று என்று தெரிந்த பிறகு, அவரே எடுத்தது. ஏழு வருடத்துக்கு முன் செய்ததும் சரிதான் என்று மருத்துவர் சொன்னபோதுதான் அவர் அழுதார் என்று உடன் போன என் தங்கை சொன்னாள்.

அந்த ஐந்து வாரத்தில் நாலு வாரம் பழைய அறிக்கையைத் தேடுவதில் போனது. முதல் அறுவை நடந்தது வேறொரு மருத்துவமனையில். வீடு மாறியபோது காகிதம் எங்கேயோ போய்விட்டது. மருத்துவப் பதிவுப் பிரிவுக்கு மூன்று தடவை நடந்தோம். இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் கட்டியை எடுத்தவர் யாராவது இருந்தால், அவர் நன்றாக இருக்கும்போதே அந்த முதல் நோய்க்கூற்று அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டை நகலோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு வையுங்கள்.